தூண்டிற் காதும் தங்கூசி முடிச்சும்

மீன்பிடித் தொழிலைக் குறித்து எழுதப் புகுவோர் பெரும்பாலும் கடலை எழுதுவர், வள்ளத்தை எழுதுவர், வலையை எழுதுவர். கவிதை எழுதுவோராயின் அலையோடு நின்றுவிடுவர். வளைந்த இரும்பும் நூலும் ஒன்றையொன்று சந்திக்கும் அந்த அரை அங்குல இடத்தை எழுதியோர் மிகச் சிலரே. ஆயின் இரவு முழுவதும் கடலிற் கிடந்து விடியலில் கரை திரும்பும் ஒருவனது உழைப்பு முழுவதும் தங்கியிருப்பது அவ்விடத்திலேதான். வள்ளம் நல்லதாயிருக்கலாம், இரை புதியதாயிருக்கலாம், காற்றும் நீரோட்டமும் இசைந்திருக்கலாம். முடிச்சு நெகிழ்ந்தால் மீன் இல்லை.

முடிச்சு என்ற சொல்லைக் கேட்டதும் இலக்கிய மாணவர் மனத்தில் தாலியும், கதையின் சிக்கலும், முடிச்சவிழ்க்கிகளுமே தோன்றுதல் இயல்பு. தமிழ்ச் செய்யுளின் இலக்கணமே கட்டுதலின் சொற்களால் ஆனது. யாப்பு என்பது கட்டு. தளை என்பது பிணிப்பு. தொடை என்பது தொடுத்தல். இத்துணைச் சொற்களைக் கட்டுத் தொழிலிலிருந்து கடன் வாங்கிய இலக்கணகாரர், கட்டுகின்ற கையைத் திரும்பிப் பார்த்தனரா என்பது வேறு வினா. பெரும்பாணாற்றுப்படையில் தூண்டிற் காட்சியொன்று உண்டு. நீண்ட மூங்கிற் கழையும், நாணும், வளைந்த வாயையுடைய இரும்பும், இரையைப் பற்றிக்கொண்டு தப்பிய வாளை மீனும் அங்கே வருகின்றன. தப்பிய வாளை பின்னர் நீரில் எதைக் கண்டு அஞ்சியது என்பதுவரை புலவர் கூறிவிடுகிறார். இரும்பை நாணோடு பிணித்த முடிச்சு எவ்வகையானது என்பதை மாத்திரம் கூறவில்லை.

தூண்டில் மிகப் பழைய கருவி. யப்பானின் ஒக்கினாவாத் தீவிலுள்ள சக்கித்தாரிக் குகையிற் கண்டெடுக்கப்பட்டு 2016 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட தூண்டில்கள், கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்து ஆக்கப்பட்டவை; ஏறத்தாழ 23,000 ஆண்டுப் பழைமை உடையவை. இன்றைய தூண்டிலில் உள்ள காது அவற்றில் இல்லை. காது இல்லாத தூண்டிலை நூலிற் பிணிக்க வேண்டுமாயின் தண்டின்மேல் நூலைப் பலமுறை சுற்றிக் கட்டுதலே வழி. அவ்வழி இன்றும் அழிந்துவிடவில்லை. தலை தட்டையாக அடிக்கப்பட்ட தூண்டில்கள் கடைகளில் விற்பனையாகின்றன; அவற்றுக்குச் சுற்றுக்கட்டே உரியது. இரும்பிலே காது வைத்தபின்னர்தான் கண்ணி முடிச்சு தன் முழு வல்லமையையும் காட்டத் தொடங்கிற்று எனலாம்.

(தூண்டிலின் எண்களைப் பற்றி ஒரு சொல். எண் கூடக் கூடத் தூண்டில் சிறுக்கும். 12 ஆம் எண் தூண்டில் 6 ஆம் எண் தூண்டிலிலும் சிறியது. ஆனால் 1 ஐக் கடந்து பெரிய தூண்டில்களுக்குப் போகும்போது எண்ணோடு சுழியும் சேர்ந்துகொள்ளும். அப்பொழுது எண் கூடக் கூடத் தூண்டிலும் பெருக்கும். இதைக் கற்றுக்கொள்வதற்குக் கடலுக்குப் போவதைவிடக் கடைக்குப் போவது நல்லது.)

தூண்டிலைப் பிணிக்கும் முடிச்சுகளை இரு குலமாகப் பிரிக்கலாம். இரும்பை இறுகக் கௌவிக்கொள்ளும் முடிச்சு ஒன்று; இரும்பைச் சுற்றி ஒரு கண்ணியை விட்டு அக்கண்ணியினுள்ளே அதனைத் தன்போக்கில் அசையவிடும் முடிச்சு மற்றொன்று. முதலாவதில் நூலும் தண்டும் ஒரே கம்பிபோல நேராக நிற்கும், இழுவை வீணாகாது. இரண்டாவதில் தூண்டில் தொங்கும், ஆடும், திரும்பும். உயிரோடு இருக்கும் சிறு மீனையோ இறாலையோ இரையாகக் கோத்தவனுக்கு இந்த ஆட்டம் அவசியம். தடித்த நூல் காதை இறுகப் பிடித்தால் இரை கட்டுண்டதுபோற் கிடக்கும். பாரையும் சீலாவும் ஓடுகின்ற இரையை விரட்டிக் கௌவும் இயல்பின. கட்டுண்டு கிடக்கும் இரைக்கு அவை எளிதில் வருவதில்லை. எனவே அந்தக் கண்ணி இரைக்குக் கொடுக்கப்படும் சிறு சுதந்திரம். அது மீனின் நன்மைக்காகக் கொடுக்கப்படுவதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்ணி முடிச்சுகளுள் எளியது, நூலை இரட்டையாக மடித்து அதில் ஒற்றை முடிச்சு இடுவது. சிறுவரும் இடுவர். ஆயின் அது நூலின் வலிமையிற் பெரும் பகுதியை உண்டுவிடும். நூல் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். அதே மடிப்பை வளையத்தினூடே ஒருமுறைக்கு இருமுறை வாங்கினால் நிலைமை எவ்வளவோ திருந்தும். சத்திரவைத்தியர் தையலில் இடும் முடிச்சின் உறவு அது. எல்லாவற்றிலும் நுட்பமானது, சுருங்காத கண்ணி. மயிலிட்டியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அதனைக் கட்டும் முறை இது.

நூலின் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒற்றை முடிச்சொன்று இடுவார். அதனை இறுக்குவதில்லை, சிறு வளையமாகவே விட்டுவிடுவார். நுனியைத் தூண்டிலின் காதினூடே செலுத்துவார். பின்னர் அந்நுனி எந்தப் பக்கத்தால் வளையத்தை விட்டு வெளியே வந்ததோ அந்தப் பக்கத்தாலேயே மீண்டும் வளையத்தினுள் புக வேண்டும். கற்போர் அனைவரும் தவறுவது இவ்விடத்திலேதான். மறுபக்கத்தால் நுழைத்தால் முடிச்சுப்போலவே தோன்றும், கண்ணியும் இருக்கும், ஆனால் கண்ணி கோணி நிற்கும், வலிமையும் குறையும். உட்புகுந்த நுனியால் நின்ற நூலைச் சுற்றிச் சில சுற்றுகள் சுற்றி, சென்ற வழியே திரும்ப வளையத்தினூடே வாங்குவார். கண்ணியின் அளவு வளையம் காதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கின்றது என்பதைப் பொறுத்தது. அதனை முன்னரே நகத்தால் அளந்து வைத்திருப்பார். பின்னர் முடிச்சை வாயருகே கொண்டுபோய் எச்சில் தொட்டு, முதலில் நுனியையும் பின்னர் நூலையும் மெல்ல மெல்ல இறுக்குவார்.

எச்சில் தொடுவது சடங்கன்று. பேரன் ஒருமுறை, "ஏன் அப்பு வாயிலை வைக்கிறியள்?" என்று கேட்டபோது கிடைத்த விடை சுருக்கமானது: "காஞ்ச தங்கூசியை இறுக்கினால் சூட்டிலை செத்துப்போகும் மோனை." நைலோன் நூல் தன்மேல் தான் உரசும்போது பிறக்கும் வெப்பம் அதன் மேற்பரப்பைக் கெடுத்து வலிமையைக் குறைக்கும், ஈரம் உராய்வைத் தணித்துச் சுற்றுகளைச் சீராக அமரச் செய்யும். பாடநூல் ஒரு பந்தியிற் கூறுவதை முதியவர் 'செத்துப்போகும்' என்ற ஒரு சொல்லாற் கூறிவிட்டார். செத்த நூல் செத்ததுபோலத் தோன்றாது என்பதே அதிலுள்ள ஆபத்து.

அம்முதியவர் முடிச்சைத் தம் தந்தையிடம் கற்றவர். ஆனால் அவர் இன்று கட்டும் முடிச்சு தந்தை கட்டிய முடிச்சன்று. தந்தையின் நூல் பருத்தி நூல். முறுக்கிய பருத்தி நூல் சொரசொரப்பானது. நீரில் ஊறினால் இன்னும் பற்றிக்கொள்ளும். இரண்டு மடிப்பு, ஒரு இழுவை, அவ்வளவே போதும். அதன் குறை வேறு. உப்பு நீரில் உளுத்துப்போகும். மரப்பட்டைச் சாயத்தில் அவித்து அவித்துக் காக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வெயிலிற் காய வேண்டும். அமெரிக்காவிலே 1935 இல் கரோதேர்ஸ் என்னும் இரசாயன அறிஞர் ஆய்வுகூடத்தில் ஆக்கிய நைலோன், அடுத்த சில பத்தாண்டுகளில் உலகின் கரைகள்தோறும் பரவிற்று. இலங்கையில் 1950 களின் பிற்பகுதியிலும் 1960 களிலும் இயந்திரப் படகுகளோடு செயற்கை நூலும் வந்து சேர்ந்தது. அது உளுக்கவில்லை, சாயம் வேண்டவில்லை, நீரிலே கண்ணுக்கும் புலப்படவில்லை. ஆனால் அது வழுக்கிற்று. தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்ட முடிச்சுகள் புதிய நூலில் சொல்லாமற் கொள்ளாமல் அவிழ்ந்தன. இயந்திரப் படகின் வருகையை ஆராய்ந்தோர் கடன், கூட்டுறவுச் சங்கம், பிடியின் அளவு ஆகியவற்றை எல்லாம் ஆராய்ந்துள்ளனர். ஒரு கரையோரச் சமுதாயம் முழுவதும் தன் விரல்களை மறுபடி பழக்கிய கதை அவ்வாய்வுகளில் இடம்பெறுவது அரிது. அதற்குக் கணக்கேடு இல்லை. தப்பிப் போன மீன்களே சான்று.

பேரன் பொறியியல் மாணவன். சுற்றுகளின் தொகையைப் பற்றி அவனுக்கும் முதியவருக்கும் நிகழ்ந்த விவாதம் சுவையானது. முதியவரின் விதி: மெல்லிய நூலுக்கு ஏழு சுற்று, நடுத்தரத்துக்கு ஐந்து, மொத்த நூலுக்கு மூன்று. தூணைச் சுற்றிய கயிறு பற்றி, 18 ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஒயிலரின் பெயரோடு வழங்கும் சமன்பாடு ஒன்று உண்டு. சுற்று ஒவ்வொன்றும் பிடியைக் கூட்டுவதில்லை, பெருக்குகின்றது என்பதே அதன் சாரம். உராய்வுக் குணகம் 0.2 எனக் கொண்டால் ஒரு சுற்று பிடியை ஏறத்தாழ 3.5 மடங்காக்கும், மூன்று சுற்று ஏறத்தாழ 43 மடங்காக்கும். எனவே மூன்றே எதற்கும் போதும் என்பது பேரனின் கட்சி. அச்சமன்பாட்டில் கயிற்றின் பருமனுக்கு இடமே இல்லை என்பதையும் அவன் எடுத்துக் காட்டினான். முதியவர் மறுத்துரைக்கவில்லை. மெல்லிய நூலொன்றில் மூன்று சுற்றிட்டுத் தூண்டிலைக் கதவு நிலையின் ஆணியில் மாட்டி இழுத்தார். முடிச்சு வழுக்கிக் கழன்றது. மொத்த நூலில் ஏழு சுற்றிட்டு அதனையும் இழுத்தார், விறைத்த சுற்றுகள் ஒன்றோடொன்று அமராமல் ஏறிக்கொண்டு நின்றன, அதுவும் கழன்றது. "உன்ரை கணக்குத் தூணுக்கு மோனை. இது நூலிலை நூல்," என்றார். சமன்பாடு பொய்யன்று. தூண் அசைவதில்லை, நசிவதில்லை, விறைப்பதில்லை. நூல் இம்மூன்றையும் செய்யும்.

அறுந்து வந்த நூலின் முனையை வாசிப்பதும் இத்தொழிலின் கல்வியே. முனை பன்றிக்குட்டியின் வால்போலச் சுருண்டிருப்பின் முடிச்சு வழுக்கி அவிழ்ந்தது என்று பொருள், பழி கட்டியவனுடையது. வழவழப்பாக வெட்டுண்டிருப்பின் பல். அறுக்குளாவோ சீலாவோ வந்து போயிருக்கிறது. பல அங்குல நீளத்துக்குச் சுரண்டப்பட்டு வெளுத்திருப்பின் பாரிலே உரசியது. சுருளாமல், சுரண்டப்படாமல், முடிச்சு இருந்த இடத்திலேயே சட்டென முறிந்திருப்பின் நூல் பழையது, அல்லது காய்ந்தபடி இறுக்கப்பட்டது. கடலிலிருந்து வெறுங்கையோடு வந்தவன் முதலிற் பார்ப்பது இம்முனையைத்தான். சுருண்ட முனையைப் பிறர் காணுமுன் வெட்டி எறிவோரும் உண்டு.

ஒற்றைத் தூண்டிலை விட்டு நெடுங்கயிற்றுத் தூண்டிலுக்கு வந்தால் முடிச்சு தனி மனிதக் கைவேலை என்ற நிலை மாறிவிடுகின்றது. நீண்ட தாய்க்கயிறு, அதில் இடைவிட்டு இடைவிட்டுக் கண்ணிகள், கண்ணிதோறும் கிளைநூல், கிளைநூல்தோறும் தூண்டில். நூற்றுக்கணக்கான தூண்டில்களுக்கு இரு மடங்கு முடிச்சுகள் வேண்டும். ஒவ்வொரு கிளைநூலின் இரு முனையிலும் கண்ணி இருப்பின் வசதி பெரிது: ஒரு முனைக் கண்ணி தாய்க்கயிற்றின் கண்ணியோடு கைகோத்துக்கொள்ளும், மறுமுனைக் கண்ணியைத் தூண்டிற் காதினூடே செலுத்தித் தூண்டிலைக் கண்ணியினூடே வாங்கினால் இரும்பும் பிணைந்துவிடும். இருட்டில், ஆடுகின்ற வள்ளத்தில், குளிர்ந்த விரல்களோடு, பழுதான தூண்டிலை அவிழ்த்து மாற்றுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. கிளைநூலின் நீளம் இரு கண்ணிகளுக்கிடையிலுள்ள தூரத்தின் அரைவாசியிலும் குறைவாயிருத்தல் வேண்டும். கூடினால் அயல் தூண்டில்கள் ஒன்றையொன்று கௌவி, கயிறு முழுவதும் கூந்தல்போலச் சிக்கிவிடும். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும் மாதங்களிலே மயிலிட்டி வீடுகளில் இந்த வேலை நடந்தது. பெண்களும் பிள்ளைகளும் கண்ணி போட்டனர். பிள்ளைகளின் விரல் சிறியதாதலின் சிறு கண்ணிகள் அவர்களுக்கே விடப்பட்டன.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவ்வீடுகள் வெறுமையாயின. இலங்கையின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கிய மயிலிட்டியின் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அடங்கிற்று. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே பெயர்ந்தபோது அவர்கள் மீண்டும் ஒருமுறை பெயர்ந்தனர். பின்னர் பலருக்கு மல்லாகம், சுன்னாகம் பகுதிகளின் முகாம்களே நெடுங்கால முகவரியாயின. அங்கே கிணறு உண்டு, பனை உண்டு, கடல் இல்லை. முதியவர் பருத்தித்துறைப் பக்கம் சென்று பிறருடைய வள்ளங்களிற் கூலிக்கு ஏறினார். கடல் தடைசெய்யப்பட்ட காலங்களில் அதுவும் இல்லை. அத்தகைய நாட்களில் முகாமின் கூரைத்தடியில் ஒரு ஆணி அடித்து, பழைய தங்கூசித் துண்டொன்றில் முடிச்சிட்டு, இழுத்து, வெட்டி, மீண்டும் முடிச்சிடுவாராம். நூல் விரலளவு குறுகும்வரை இது நடக்கும். அயலார் சிலர் அவருக்கு மனம் பேதலித்துவிட்டதெனக் கருதினர். கை மறந்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் அதற்கு இருக்கவில்லை.

இக்கதையைச் சோகமாக முடித்துவிடுதல் எளிது. அது முழு உண்மையாகாது. தம் பிள்ளைகள் கடலுக்குப் போகாமல் விட்டதை நன்மையென்று எண்ணிய பெற்றோர் முகாம்களில் இருந்தனர். இடம்பெயர்வுக்கு முன்னரும் இருந்தனர். கடல் ஆட்களைக் கொண்டுபோகும். பிடிபடாத நாளுக்குக் கூலி இல்லை. அதனினும் கொடியது, மீன் வாங்கும் கையே மீன் பிடித்த கையைத் தாழ்வாக நோக்கும் எங்கள் சாதி வழக்கம். பிள்ளையொன்று பல்கலைக்கழகம் புகும் நாளில் விண்ணப்பப் படிவத்திலே 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் பேனா சற்று நிற்கும். தமிழர் பண்பாடு என்று விழா மேடைகளிற் போற்றப்படும் பட்டியலில் பரதமும் பண்ணிசையும் கோபுரமும் இடம்பெறும். சுருங்காத கண்ணி இடம்பெறாது. ஆகவே தொழிலை விட்டு நீங்குவோரைக் குறை கூறும் உரிமை அத்தொழிலை ஒருபோதும் மதியாதவர்களுக்கு இல்லை. பேரனின் தந்தையும் அவ்வாறு நீங்கியவரே. அவர் எழுதுவினைஞரானார். அவருக்குக் கண்ணி போடத் தெரியும், போடுவதில்லை.

2017 யூலையில் மயிலிட்டித் துறை மக்களிடம் மீண்டது. அதே ஆண்டிலேயே இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. அச்சட்டம் கடலில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகின்றது என்பதைக் கயிறறுந்து வந்தோரிடமே கேட்க வேண்டும். ஏறத்தாழ 27 ஆண்டுகளின் பின் முதியவர் தம் துறையைக் கண்டபோது அவர் கண்ணிற் படலம் படர்ந்திருந்தது. வீட்டின் அத்திவாரத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்தார். தங்கூசியைக் கண்ணால் காண்பது நல்ல பார்வை உடையோர்க்கே கடினம். அவர் அதை முயலவே இல்லை.

"பாக்காமல் எப்படி அப்பு கட்டுறியள்?" என்றான் பேரன்.

"கண் பாத்தால் கை யோசிக்கும்," என்றார்.

பேரன் விடுமுறைக்கு வந்த நாட்களில் அவரருகே அமர்ந்து கற்றான். முதலில் விரற்பருமனான கயிற்றிலும், பின்னர் சணலிலும், கடைசியில் தங்கூசியிலும். சுருங்காத கண்ணியில் அவனுக்குப் பக்கம் மாறிக்கொண்டேயிருந்தது. ஒருநாள் அவன் தன் நண்பனொருவனிடம் அறிந்துவந்த வேறொரு முடிச்சைக் கட்டிக் கொடுத்தான். நூலை இரட்டையாக மடித்துக் கண்ணியைக் காதினூடே வாங்கி, இரட்டை நூலிலேயே ஒற்றை முடிச்சொன்றிட்டு, தொங்கும் தூண்டில் முழுவதையும் அக்கண்ணியினூடே நுழைத்து, ஈரமாக்கி இறுக்குவது அது. நான்கே அசைவு. முதியவர் ஆணியில் மாட்டி இழுத்தார். கையில் நூலைச் சுற்றிக்கொண்டு மீண்டும் இழுத்தார். நூல் கையை வெட்டிற்று, முடிச்சு நின்றது.

"இதை என்னெண்டு கட்டினனி?"

பேரன் அவர் விரல்களைப் பிடித்து ஒருமுறை காட்டினான். மறுமுறை அவரே கட்டினார். மூன்றாவதைக் கட்டி முடித்தபின் தீர்ப்புக் கூறினார்: சின்னத் தூண்டிலுக்கு நல்லது, மொத்த நூல் இரட்டையாகக் காதுக்குள் போகாது, கண்ணி இரும்பை இறுக்கிவிடுவதால் உயிர் இரைக்கு உதவாது, நூலும் கூடச் செல்லும். அதன் பின்னர் விளைமீனுக்கான சிறு தூண்டில்கள் அனைத்தையும் அம்முடிச்சிலேயே கட்டலானார். பெரிய தூண்டில்களைத் தாமே வைத்துக்கொண்டார்.

முடிச்சின் எஞ்சிய நுனிகளை அவர் பல்லாற் கடித்து வெட்டுவதில்லை, பாக்குவெட்டியால் வெட்டுவார். ஒட்ட வெட்டக்கூடாது, நெல்லளவு விட்டு வெட்ட வேண்டும். பாரம் ஏறும்போது முடிச்சு இன்னும் சற்று இறுகும், அப்போது உள்ளே இழுபடுவதற்கு நுனி வேண்டும். வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாமல் ஒவ்வொன்றாகத் தடவி எடுத்து ஒரு பால்மா ரின்னில் போடுவார். தங்கூசி உக்காது; கோழியின் காலிலும் காகத்தின் காலிலும் சுற்றிக்கொண்டால் கால் அழுகும்வரை கழலாது. துண்டொன்று தவறினால் பேரனை அழைப்பார். அவன் கைவிளக்கோடு குனிந்து தேடுவான். பெரும்பாலும் அவருடைய விரலே அதை முதலில் கண்டுபிடிக்கும்.